விடைக்குறிப்பில் இல்லாத பேண்டேஜ்

தொண்ணூறுகளின் தொடக்கத்தில், இராஜபாளையத்தில் நான் வேலை பார்த்த கல்லூரிக்கு 'உலகப் பிரச்சினைகள்' என்று ஒரு பாடம் வந்து சேர்ந்தது. பல துறைகள் சேர்ந்து நடத்த வேண்டுமாம். பொருளாதாரத்துக்கு நான், வரலாற்றுக்கு ஒருவர், விலங்கியலுக்கு ஒருவர். பிரச்சினைகள் பதினான்கு, வாரத்துக்கு ஒன்று, இரண்டு மணி நேரம். பசிக்கு இரண்டு மணி, அணுகுண்டுக்கு இரண்டு மணி. ஒரு வாரம் மழை விடுமுறை விட்டதால் அகதிகளை அப்படியே விட்டுவிட்டோம்.

தேர்வில் 'போரின் விளைவுகள்' என்ற கேள்விக்குப் பத்து மதிப்பெண். விடைக்குறிப்பில் பத்து வரிகள், வரிக்கு ஒன்று. பேண்டேஜ் துணி நெய்யும் வீட்டுப் பெண் ஒருத்தி, தன் வீட்டையே எழுதியிருந்தாள். எங்கோ சண்டை வந்ததும் தறி இரண்டு ஷிப்ட் ஓடியது, நூல் விலை ஏறியது, சண்டை நின்றதும் அப்பா வேலையின்றி வீட்டில் உட்கார்ந்தார். வரலாற்றுக்காரர் சுழியம் போட்டார். மொத்தம் முப்பத்தாறு. தேர்ச்சிக்கு நாற்பது. ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு பள்ளியில் அவளுக்கு வேலை சொல்லியிருந்தார்கள், தேறினால்.

"ஆன்சர் கீயில இல்லயே சார்," என்றார் வரலாற்றுக்காரர்.

"காயம்பட்டவன் இல்லாம பேண்டேஜ் யாருக்கு சார்? மூணாவது பாயின்ட், உயிர்ச்சேதம். ஒண்ணு போடுங்க," என்றேன்.

போட்டார். நூலுக்கு, விலைவாசி என்று ஒன்று. அப்பா உட்கார்ந்ததற்கு, வேலையின்மை என்று ஒன்று. முப்பத்தொன்பது. நான் ஊருக்குப் போக வேண்டிய நாலு பத்து பஸ் போய்விட்டது.

மிச்ச ஏழில் வழி தெரிந்தது பத்தாவது பாயின்டில் மட்டும். பதிலை உலக சமாதானத்தை விரும்பி முடிக்க வேண்டும். அவள் விரும்பவில்லை.

"வெளியதான நிக்கா? கூப்பிட்டே கேட்டுருவோம்," என்றார் விலங்கியல்காரர்.

மார்க் தெரிந்துகொள்ள வராந்தாவில் நின்றவள் உள்ளே வந்தாள்.

"ஏம்மா, உலகத்துல சமாதானம் வேணுமா, வேணாமா?" என்றார் வரலாற்றுக்காரர்.

எங்கள் மூவரையும் ஒருமுறை பார்த்தாள். "எம்புட்டு நாளைக்கு சார்?"

விலங்கியல்காரர் சிரித்தே விட்டார். வரலாற்றுக்காரர் சிரிக்கவில்லை. "நானும் பத்தொம்பது வருசமா வகுப்புல உடன்படிக்கைகளை நடத்துறேன். கையெழுத்துப் போட்ட ஒருத்தனும் இதைக் கேட்டதில்ல," என்று சொல்லி, பேனாவைத் திறந்து நாற்பது போட்டார்.

அடுத்த வருடம் அந்தக் கேள்வியையே எடுத்துவிட்டு, ஓசோன் ஓட்டையைப் போட்டோம். அந்த ஓட்டைக்கு எங்கள் ஊரில் யாரும் துணி நெய்யவில்லை.