கோரஸ் முடியும்வரை நின்றேன்

கொல்கத்தா சால்ட் லேக்கில் ஜெயா அக்கா வீட்டில் மாதம் ஒருமுறை தமிழ் ஜெபக்கூட்டம் நடக்கும். அன்று பாஸ்டர், "பரிணாமம்கிறது பிசாசு சொன்ன பொய்" என்று பிரசங்கித்தார். எல்லோரும் "ஆமென்" என்றார்கள். ஆஸ்பத்திரி லேபில் கிருமிகளோடு தினமும் மாரடிக்கும் நான் மட்டும் பைபிளைப் புரட்டிக்கொண்டிருந்தேன்.

அடுத்தது, கர்த்தர் செய்த நன்மையை ஒவ்வொருவரும் எழுந்து சொல்லும் சாட்சி நேரம். ஆபரேஷன் புண் ஆறாமல் படுத்துக் கிடந்து தேறிய ஜெயா அக்கா, பிழைத்ததற்குக் கர்த்தருக்கு நன்றி சொன்னார். அந்தப் புண்ணின் சீழை லேபில் பரிசோதித்தது நான்தான். எழுந்தேன்.

"மருந்துக்குச் சாகாத கிருமி மட்டும் தப்பிச்சு, அதோட வம்சம்தான் அக்கா புண்ணுல பெருகியிருந்துச்சு. தலைமுறை தலைமுறையா இப்படி மாறுறதுதான் பரிணாமம். அது தெரிஞ்சதாலதான் மருந்தை மாத்தினாங்க. நான் ஜெபம் பண்ணிக்கிட்டேதான் அந்த டெஸ்டைப் பண்ணினேன்..."

பாஸ்டர் கைதட்டி ஒரு கோரஸைத் தொடங்கினார். சாட்சி நீண்டால் எங்கள் கூட்டங்களில் இப்படித்தான் பாடி உட்கார வைப்பார்கள். எனக்குச் சுர்ரென்று கோபம் ஏறியது. உட்காரவில்லை. எல்லோரையும்விட உரக்கப் பாடினேன். அது என் பாட்டும்தானே! முடிந்ததும் இன்னொன்றைத் தொடங்கினார். அதையும் நின்றபடியே பாடினேன்.

மூன்றாவது பாட்டுக்கு அவர் வாயெடுத்தபோது ஜெயா அக்கா, "பாஸ்டர், அவ என் புண்ணைப் பத்தித்தான பேசுதா, முடிக்கட்டும்" என்றார். பிறகு என்னிடம், "நீ சொல்லுட்டி."

சொல்லி முடித்தேன். யாரும் ஆமென் சொல்லவில்லை. நானே சொல்லிவிட்டு உட்கார்ந்தேன்.

இன்னமும் அந்தக் கூட்டத்துக்குப் போகிறேன். லேபுக்குள் நுழையும்போது கர்த்தரை வாசலில் விட்டுவிட்டுப் போனதில்லை. ஜெபத்துக்கு வரும்போது மட்டும் படித்ததை ஏன் செருப்போடு கழற்றிப் போட வேண்டும்?