கரண்ட் போன நேரத்தில முடிஞ்ச ஏலம்

கீபோர்டில கருவாட்டு மணம் அடிக்கும்...

மன்னார் டவுனில அந்த நெட் கடைக்குப் பக்கத்துக் கடை கருவாட்டுக் கடை. அதுதான். உள்ள நாலே நாலு கொம்பியூட்டர். நாங்கள் சண்டை முடிஞ்சு எங்கட ஊர் அடம்பனில திரும்பக் குடியேறி, தகரக் கொட்டிலுக்குள்ள இருந்த காலம்.

நான் அப்ப கம்பஸில கடைசி வருசம். ஆராய்ச்சிக்கு எடுத்தது இணைய ஏலம். ஆக்கள் எப்ப கேக்கினம், எவ்வளவு கூட்டிக் கேக்கினம், ஆர் வெல்லினம்... லீவில வந்தா அந்தக் கடையில இருந்து பாத்துப் பாத்து கொப்பியில எழுதுவன். இது என்ன படிப்பெண்டு ஊரில ஒருத்தருக்கும் விளங்கேல்லை.

கண்டுபிடிச்சது இதுதான். முதலே கேக்கிறவை ஒருத்தரை ஒருத்தர் ஏத்தி விட்டு விலையைக் கூட்டுவினம். பேசாமல் இருந்து கடைசிச் செக்கனில கேக்கிறவர் மலிவாக் கொண்டு போயிடுவார்.

அப்பிடிப் பாக்கேக்கதான் அது கண்ணில பட்டது. பொய்க்காலுக்குப் போடுற முழங்கால் மூட்டு. ஆரோ பாவிச்சது. ஆனா மடங்கும்.

என்ர சாந்தி அக்கா ரீச்சர். சண்டையின்ர கடைசி மாசங்களில செல் குண்டு பட்டு வலக்கால் தொடையோட போயிட்டுது. அவவுக்குக் குடுத்த பொய்க்கால் மடங்காது. முருங்கன் பள்ளிக்கூடத்தில வேலை திரும்பக் கிடைச்சும் பஸ்ஸில ஏறேலாது. ஒருநாள் கொண்டக்டர் எல்லாருக்கும் முன்னால தூக்கி ஏத்தினவன். அண்டைக்குப் பிறகு அவ பள்ளிக்கூடம் போகேல்லை.

கால் செய்யிற ஐயாவிட்டப் படத்தைக் காட்டினன். "கொண்டு வாங்கோ பிள்ளை, நான் பூட்டித் தாறன்" எண்டார்.

வித்தவர் அவுஸ்திரேலியாவில. அங்க இருக்கிற பெரியம்மான்ர மகன் தன்ர எக்கவுண்டைத் தந்தார். ஆனா அந்த நேரம் அவருக்கு வேலை. கேக்க வேண்டியது நான்தான்.

ஏலம் முடியிறது பகல் பதினொண்டரைக்கு. அக்காவும் பக்கத்தில கதிரை போட்டு இருந்தா.

பதினொண்டு பத்து. இன்னொருத்தர் போட்டிக்கு நிக்கிறார்.

"கேளன்டி."

"பொறு அக்கா. இப்ப கேட்டா விலை ஏறும். கடைசிச் செக்கனில கேக்கோணும்."

பதினொண்டு இருபது. பக்கம் திறக்கிறதுக்கே ரெண்டு நிமிசம் எடுக்குது...

"உன்ர கொப்பியில இருக்கிறது சரியா இருக்கும். உந்த நெட்டை நம்பேலாது" எண்டா அக்கா.

இன்னொரு வழி இருந்தது. எங்களால ஏலுமான ஆகக்கூடின விலையை ரகசியமாச் சொல்லி விடலாம். அதுக்குள்ள, மற்றவர் கூட்டக் கூட்ட, ஏலம் நடத்திற சைட்டின்ர மெசினே எங்கட பேரில கொஞ்சம் கொஞ்சமாக் கூட்டிக் கேக்கும். அக்கான்ர கையில இருந்த முழுத் தொகையையும் அடிச்சு, என்டரைத் தட்டினன்.

வட்டம் சுத்துது... சுத்துது...

டப். கரண்ட் போயிட்டுது.

"போச்சோ? இல்லாட்டிப் பதிஞ்சுதோ?"

"தெரியேல்லை அக்கா."

கடைக்கார முஸ்லிம் நானா எங்களை வெளியில வாங்குப் பலகையில இருத்தி, பால் விடாத பிளேன்ரீ தந்தார். "கரண்ட் எப்ப வருமெண்டு சொல்லேலா தங்கச்சி."

பதினொண்டரை தாண்டிச்சுது. பன்ரண்டும் தாண்டிச்சுது. அக்கா தொடையை அமத்திப் பிடிச்சுக்கொண்டு றோட்டில போற கழுதையளையே பாத்துக்கொண்டிருந்தா. அந்தப் பத்து நிமிசத்தை நான் வீணாக்காமல் விட்டிருந்தா...

ஒரு மணி போலதான் கரண்ட் வந்தது. மெயிலைத் திறந்தன்.

வெண்டிட்டம்!

ஆர் எப்ப கேட்டவை எண்ட பட்டியலைப் பாத்தம். கரண்ட் போன பிறகு மற்றவர் அஞ்சு தரம் கூட்டிக் கேட்டிருக்கிறார். அஞ்சு தரமும் எங்கட பேரில பதிலுக்குக் கூட்டிக் கேட்டிருக்கு.

அக்கா ஸ்க்ரீனைத் தொட்டுப் பாத்தா. "நாங்கள் ஒண்டும் தெரியாமல் வெளியில குந்தியிருக்க, எங்களுக்காக ஆரோ கேட்டுக்கொண்டு நிண்டிருக்கினம்..."

"ஆக்கள் இல்லையக்கா, மெசின்."

"ஆரா இருந்தா என்ன. ஒருத்தராவது கேட்டதே போதும்."

பிறகுதான் அழுதா.

மூண்டு மாசத்தில கால் பூட்டியாச்சு. பழகேக்க ரெண்டு தரம் விழுந்தா. முருங்கன் பஸ்ஸில தானா ஏறின அண்டைக்கு என்னைக் கூட வர விடேல்லை.

நெட் நம்பேலாத இடத்தில கடைசிச் செக்கன் கணக்குச் சரிவராது எண்டு ஆய்வில ஒரு பந்தி எழுதினனான். "ஒரு சம்பவம் ஆதாரம் ஆகாது" எண்டு ஆய்வைப் பாத்த கம்பஸ் சேர் வெட்டிப் போட்டார். அவர் சொன்னதும் சரிதான்.

இப்ப எல்லாம் போனிலயே. போன கிழமை என்ர மகள் ஒரு சோடிச் சப்பாத்துக்கு ஏலம் கேட்டாள். தோத்தாள். "பரவாயில்லை அம்மா" எண்டு போனை வைச்சிட்டு விளையாடப் போயிட்டாள்.

எனக்குத்தான் கனநேரம் நெஞ்சு அடிச்சுக்கொண்டே இருந்தது...