கரடிக்குப் பக்கத்தில் நின்ற மாப்பிள்ளை

"அப்பா, லோங் வீக்கெண்டுக்கு ஏரிக்கரையில கொட்டேஜ் எடுத்திருக்கிறம். சுத்திவர மரம்தான்!" என்று விட்பியில் இருக்கிற மகள் நேற்றுத் தொலைபேசியில் துள்ளினாள். மரம் பார்க்க இரண்டரை மணிநேரம் கார் ஓடுகிறவர்களைப் பற்றி எனக்கு உயர்ந்த அபிப்பிராயம் கிடையாது. அந்த ஏரிக்கரை ஊருக்கு நானும் ஒருமுறை போனவன்.

எண்பத்தாறாம் ஆண்டு, கனடாவுக்கு வந்த புதிது. பார்க்டேலில் ஒரே அறையில் நாலு பேர். நாலு பேருக்கும் உணவகங்களில் கோப்பை கழுவும் உத்தியோகம். எங்களில் குகனுக்கு ஊரில் பெண் பேசியிருந்தார்கள். கடிதத்தோடு வந்த அவள் படத்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டே கோப்பை கழுவினான். பெண் வீட்டார் கேட்டது ஒன்றுதான்: மாப்பிள்ளை எப்படி இருக்கிறார் என்று காட்ட ஒரு படம்.

"உந்தக் கரப்பான் அறைக்குள்ள நிண்டு எடுத்தா ஆர் பொம்பிளை தருவினம்? கனடா எண்டு தெரியவேணும்," என்று திட்டம் போட்ட அறிவாளி நான். இரவல் கார், இரவல் கமெரா, இரவல் கோட்.

அந்த ஏரிக்கரைக்குப் போய்ச் சேர்ந்தோம். ஊர் என்று சொல்வது மரியாதைக்கு. ஒரு தெரு, அது நிறைய, பல்லில் ஒட்டும் இனிப்புக் கடைகள். காடு பார்க்க ஒரு கோபுரம். ஏறினால் இன்னும் காடு. பணக்காரர் வீடுகளைத் தண்ணீரில் இருந்தபடி பார்த்துப் பெருமூச்சுவிட ஒரு கப்பல். கரையில், வாயில் மீனோடு பிளாஸ்டிக் கரடி. அதோடு படமெடுக்க வளர்ந்த மனிதர்கள் வரிசையில் நின்றார்கள். நாங்களும் நின்றோம். அகதிக்கும் வரிசைக்கும் ஜன்மப் பொருத்தம்.

"மச்சான், கரடியில சாய்ஞ்சு நில். சிரி."

"கோட்டுக்குள்ள வேர்த்து ஊத்துதடா."

"வேர்வை படத்தில விழாது. சிரியடா!"

இரண்டு மாதத்தில் பெண்ணின் தகப்பன் எழுதினார்: 'தம்பி, உம்மில் ஒரு குறையும் இல்லை. ஆனால் காடும் குளமும் கரடியுமாக இருக்கிற இடத்துக்குப் பிள்ளையை எப்படி அனுப்புவது? நான் வன்னியில் வேலை பார்த்தவன். காடு எனக்குத் தெரியும்.'

குகன் மூன்று நாள் என்னோடு பேசவில்லை. நாலாம் நாள், "வாரும், படப்பிடிப்பாளர்!" என்று கையைப் பிடித்து இழுத்துப்போனான். எங்கள் கட்டட வாசலில், குப்பைத் தொட்டிக்குப் பக்கத்தில், வேலை உடுப்போடு நின்றான். இந்தமுறை 'சிரி' என்று சொல்லாமல் பொத்தானை அமுக்கினேன். படம் நன்றாக வந்தது.

அந்தப் படத்தை வைத்து அனுப்பிய கடிதம் மாதக்கணக்காக அலைந்து, பிரிக்கப்படாமலே திரும்பி வந்தது. அதற்குள் ஊரில் சண்டை மூண்டு, ஷெல்லடியில் பெண் வீட்டுப் பக்கத்துச் சனமெல்லாம் சிதறியிருந்தது. முதல் படத்தையே வாசலில் எடுத்திருந்தால், தகப்பன் ஓம் என்று எழுதிப் பிள்ளையை அனுப்ப நாள் இருந்தது. பிறகு போய்ப் பார்த்தவர்கள், வீடும் இல்லை, வீட்டுக்குப் போகிற ஒழுங்கையும் இல்லை என்றார்கள். அந்தப் பிள்ளை எங்கே என்று சொல்ல ஒருவரும் இல்லை.