உயர்த்திய காரும் குளக்கட்டில் விட்ட செருப்பும்

உன்னிச்சைக் குளக்கட்டின் சரிவில் இறங்கிக்கொண்டிருந்த ஒரு காரின் கதவைத் திறந்து, வலது காலை வெளியே நீட்டி, செருப்பால் நிலத்தைத் தேய்த்து அதை நிறுத்தப் பார்த்தவன் நான். மெக்கானிக் தொழிலில் இருபத்திரண்டு வருடம். இப்போது சைக்கிளைக்கூட யாரும் அப்படி நிறுத்துவதில்லை. புதிதாக இந்த வேலைக்கு வருபவர்கள் முதலில் சிரிக்கட்டும். சிரித்து முடித்த பிறகு ஒரு விஷயத்தைக் கவனித்தால் போதும்.

1. டொக்டர் கேட்டது

குருக்கள்மடத்தில் மெயின் றோட்டோரம் என் கராஜ். எனக்குப் பழக்கமெல்லாம் உழவு மெசின், அதாவது டிராக்டர்தான். கார் வந்தால் ஒயில் மாற்றுவேன், பிறேக் பார்ப்பேன், அவ்வளவு. ஒரு நாள் மாட்டு டொக்டர் தன் சின்னக் காரோடு வந்தார். நாற்பது வயதிருக்கும். சிரிக்காமல் பகிடி விடுகிற பெண்.

"பாஸ், இதக் கொஞ்சம் உசத்தித் தர ஏலுமா?"

"ஏன் டொக்டர், ஜீப் ஒண்டு எடுக்கலாமே?"

"எடுத்துத் தாங்களன்."

காரின் அடியைப் பார்த்தேன். கல்லிலும் கட்டையிலும் உரசி, ஒயில் சட்டி நெளிந்து கிடந்தது. டொக்டர் விஷயத்தைச் சொன்னார்.

"போன மாரிக்கு கந்தவனம் அண்ணன்ட பட்டியில ஒரு பசு கண்டு போட ஏலாமக் கிடந்திச்சி. கட்டடியில கார விட்டுட்டு, சேத்துக்குள்ள ரெண்டு மைல் நடந்து போய்ச் சேர, பசுவும் இல்ல, கண்டும் இல்ல. இப்ப அவர்ட இன்னொரு பசு சினையா நிக்கிது. மாரி தொடங்கப் போகுது. இந்த முறை பிந்தினா அந்த மனுசன்ட முகத்த நான் பாக்க ஏலா."

நான் அதுவரை ஒரு காரையும் உயர்த்தியதில்லை. "ஓம் டொக்டர், செய்வம்" என்றேன். என் வாய் எப்போதும் என் கைக்கு முன்னால் போய் நிற்கும்.

2. இரண்டு அங்குலம்

அன்று பின்னேரம் முழுக்கக் காருக்கு அடியில் கிடந்தேன். உழவு மெசினில் ஸ்பிறிங் கிடையாது. அச்சில் சக்கரம், சக்கரத்தில் மண், முடிந்தது கதை. இதில் என்னவென்றால், முன் சக்கரம் ஒவ்வொன்றும் ஒரு ஷொக் அப்சோபரில் நிற்கிறது. அதன் தலை மூன்று நட்டில் காரின் உடம்பான பொடியோடு பூட்டியிருக்கிறது. அந்தத் தலைக்கும் பொடிக்கும் இடையில் ஒரு வட்டத் துண்டு வைத்தால், வைத்த அளவுக்குக் கார் எழும்பும். பின்பக்கம் ஸ்பிறிங்குக்குக் கீழே ஒரு தடித்த வளையம். இவ்வளவு லேசான வேலையா என்று எனக்கே ஆச்சரியம். லேசாகத் தெரிகிற இடத்தில் கொஞ்சம் நின்று யோசித்திருக்க வேண்டும்.

லேத் வைத்திருக்கும் ஞானத்திடம் இரண்டு அங்குலத்தில் துண்டுகள் கடைந்து வாங்கினேன்.

"காருக்கு என்ன, ஹை ஹீல்ஸா போடப் போறாய்?" என்று கேட்டான்.

"ஓம், உன்ட கலியாணத்துக்குக் கூட்டி வாறதுக்கு" என்றேன். அவனுக்கு ஐம்பது. இன்னும் ஆகவில்லை.

பூட்டி முடித்து, சக்கரத்தை நிலத்தில் வைத்துவிட்டு ஒவ்வொன்றாகப் பார்த்தேன். சக்கரத்துக்கு ஒயில் கொண்டுபோகும் பிறேக் ஹோஸ் தொய்வாகத்தான் கிடந்தது. ஸ்டியரிங் இரண்டு பக்கமும் கடைசி வரை திரும்பியது. கார் கால் ஊன்றி எழும்பிய ஆட்டுக்குட்டி மாதிரி நின்றது. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

3. குளக்கட்டு

பட்டிக்குப் போகிற வழியிலேயே ஓடிப் பார்ப்பது என்று முடிவு. நான் ஓட்டினேன், டொக்டர் பக்கத்தில். கட்டிலிருந்து கீழே இறங்கும் இடத்தில் மழைத்தண்ணீர் அறுத்த ஒரு பள்ளம். இடது முன் சக்கரம் அதற்கு மேலே போனதும் அந்தரத்தில் தொங்கியது. 'டக்' என்று ஒரு சத்தம்.

"என்ன பாஸ் அது?"

"கல்லு டொக்டர்."

கல் இல்லை. சரிவில் பெடலை மிதித்தேன். பாதி வழி வரை வெறும் காற்று. அந்தக் கணத்தில் என் இருபத்திரண்டு வருடமும் எங்கே போனதென்று தெரியாது. காலைப் பெடலிலிருந்து எடுத்தேன், கதவைத் திறந்தேன், மண்ணில் ஊன்றினேன். செருப்பு பிய்ந்து எங்கேயோ பறந்தது.

டொக்டர் கையை நீட்டி ஹேண்ட்பிறேக்கை இழுத்தார். கார் ஒரு எருமைக்கு ஒரு முழம் தள்ளி நின்றது. எருமை திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

பட்டிக்காரர் கந்தவனம் எருமைகளை மேய்த்துக்கொண்டு அங்கேதான் நின்றார். என் கால் மண்ணில் கிழித்து வந்த கோட்டைக் குனிந்து பார்த்தார்.

"என்ன பாஸ், கார் ஓடுறீங்களா, உழுறீங்களா?"

அடியில் பார்த்தால், இடது பக்கப் பிறேக் ஹோஸ் பூட்டிய இடத்தில் பிய்ந்து ஒயில் ஒழுகியது. இந்தக் காரில் பிறேக் இரண்டு பாதியாகப் பிரித்திருக்கும். ஒரு பாதி போனாலும் மற்றது பிடிக்கும். இன்னும் கொஞ்சம் அழுத்தியிருந்தால் கார் தானாகவே நின்றிருக்கும். நான் அழுத்தவில்லை, இறங்கப் பார்த்தேன்.

"இத நம்பி நான் மழைக்குள்ள போக ஏலுமா பாஸ்?" என்று டொக்டர் கேட்டார். இந்த முறை பகிடி இல்லை.

"மூண்டு நாள் தாங்க டொக்டர்."

4. நூல்

காரைக் கட்டியிழுத்துக் கராஜுக்குக் கொண்டுவந்து ஜக்கில் ஏற்றி, சக்கரத்தைத் தொங்க விட்டேன். அப்போதுதான் விளங்கியது. வைத்த துண்டு காரை மட்டும் மேலே தூக்கவில்லை. தொங்கும் சக்கரத்தையும் அதே அளவுக்குக் கீழே தள்ளியிருந்தது. உழவு மெசினில் தொங்கும் சக்கரத்தை நான் கண்டதே இல்லை. அதனால்தான் எல்லாவற்றையும் நிலத்தில் வைத்து அளந்திருக்கிறேன்.

ஹோஸ் இருந்த இடத்தில் அதே நீளத்துக்கு ஒரு தூண்டில் நூலைக் கட்டி, ஸ்டியரிங்கைக் கடைசி வரை திருப்பிப் பார்த்தேன். நூல் கிட்டார் கம்பி மாதிரி விறைத்தது. ஒன்றைப் பார்த்தால் அடுத்ததையும் பார்க்க ஆசை. சக்கரத்தைச் சுழற்றும் ஷாஃப்ட் எவ்வளவு சரிந்திருக்கிறது? அதன் உள்மூட்டு எவ்வளவு வெளியே வந்திருக்கிறது? வந்திருந்த அளவை விரல் வைத்து அளந்தேன். இன்னொரு பள்ளத்தில் அதுவும் கழன்றிருக்கும்.

திரும்ப ஞானத்திடம் போனேன்.

"ஹீல்ஸக் குறைக்கச் சொல்றாவா?"

"மூச்சு விடாமக் கடை."

முன்னுக்கும் பின்னுக்கும் ஒன்றேகால் அங்குலம். பொடியில் ஹோஸைப் பிடிக்கும் தகட்டைக் கீழே இறக்கிப் பூட்டி, இரண்டு பக்கமும் புது ஹோஸ் போட்டேன். சக்கரம் தொங்க, ஸ்டியரிங் திருப்ப, ஹோஸ் தொய்ந்து கிடந்தது. பிறகு சக்கர எலைன்மென்ட். வானத்தைப் பார்த்த முன் லைட்டுகளை றோட்டுக்கு இறக்கினேன். டொக்டர் வந்தபோது அவரையே அடியில் குனிந்து பார்க்கச் சொன்னேன்.

5. வீடியோ

மாரி தொடங்கி இரண்டாம் கிழமை, ஒரு நாள் விடிய டொக்டரிடமிருந்து ஒரு வீடியோ வந்தது. முதலில் தொங்கும் சக்கரம். அதே பள்ளத்தில் காரை நிறுத்தி, மழைக்குள் இறங்கிக் குனிந்து எடுத்திருக்கிறார். ஹோஸ் தொய்வாக வளைந்து கிடந்தது. "வடிவாப் பாருங்க பாஸ்" என்று குரல். அதன் பிறகு பட்டி, நனைந்த பசு, அதன் காலடியில் எழும்பி எழும்பி விழும் ஒரு கண்டு. கந்தவனம் கமராவைப் பார்க்காமல் கண்டையே பார்த்துக்கொண்டு நின்றார்.

உண்மையைச் சொன்னால், நான் ஹோஸை நாலு தரம் பார்த்த பிறகுதான் கண்டை ஒரு தரம் பார்த்தேன். இன்று வரை எந்த வாகனம் வந்தாலும், சக்கரம் நிலத்தில் இருக்கும்போது ஒரு அளவு, தொங்கும்போது ஒரு அளவு எடுக்காமல் வேலை முடிந்ததென்று கையெழுத்து வைப்பதில்லை. பெடல் இறங்கினால் இன்னும் அழுத்த வேண்டும் என்பதையும் படித்துக்கொண்டேன்.

வீடியோவின் கடைசியில் பட்டியின் வாசல் படலை தெரிந்தது. அதன் கம்பில் கண்ணூறு நாவூறு படாமலிருக்க ஒரு பழைய செருப்பு கட்டியிருந்தது. வலது கால். வார் பிய்ந்தது. யாருடையது என்று நான் கேட்கவில்லை.