இதர செலவு என்ன என்று கேட்ட லோர்னா

லோர்னா டிக்ஸ்ட்ராவுக்கு அறுபத்தொரு வயது. அதில் இருபத்தெட்டு வருஷம் ஹார்லன் க்ரீக் என்ற சின்ன ஊரின் பள்ளிப் பேருந்தை ஓட்டியவள். கடைசி இருக்கையில் எவன் சூயிங்கம் ஒட்டுகிறான் என்பது திரும்பிப் பார்க்காமலே தெரியும். அப்படிப்பட்டவள் கண்ணில் படும்படி, "பணமில்லை, இனி சனிக்கிழமை நூலகம் கிடையாது" என்று கதவில் காகிதம் ஒட்டினால் சும்மா விடுவாளா?

ஆலையில் வேலை பார்க்கிறவர்கள் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வர முடிவதே சனிக்கிழமைதான். லோர்னா நேரே நூலகக் குழுக் கூட்டத்துக்குப் போய் பட்ஜெட்டைக் கேட்டாள். ஒரே ஒரு தாளை நீட்டினார்கள். அதில் "இதர செலவு, நாற்பத்தோராயிரம் டாலர்" என்று ஒரு வரி.

"இதரன்னா என்னங்க?"

"அதெல்லாம் உள் விவகாரம்மா. உங்களுக்குப் பேசக் குடுத்த மூணு நிமிஷம் முடிஞ்சுது, உக்காருங்க" என்றார் குழுத் தலைவர் ஹேன்ஸ். ஊரின் ஒரே பல் டாக்டர்.

"என் வரிப்பணம் எப்ப உங்க உள் விவகாரமாச்சு?" என்று கேட்டுவிட்டு வந்தவள், டிசம்பரில் குழுத் தேர்தலுக்கு மனுப் போட்டாள்.

"ஸ்டீயரிங் புடிச்ச கைக்கு பட்ஜெட் எதுக்காம்?" என்று காபிக் கடையில் ஹேன்ஸ் சிரித்தாராம். லோர்னா விடவில்லை. "எனக்குப் பல்லு புடுங்கினப்ப பஞ்சுக்குக்கூடத் தனியா விலை போட்டு பில்லு குடுத்த மனுஷன்தானே? நூலகத்துக்கும் அப்படியே போடச் சொல்லுங்க." ஊரே விழுந்து விழுந்து சிரித்தது.

பனியில் கால் புதையப் புதைய வீடு வீடாக ஏறி இறங்கினாள். ஒரு வீட்டில் தாடிக்காரன் ஒருவன் கதவைத் திறந்து நெளிந்தான். "மிஸஸ் டிக்ஸ்ட்ரா, உங்க பஸ்ல அன்னிக்கு வாந்தி எடுத்தது நான்தான்."

"தெரியும்டா டஸ்டின், கழுவினவ நான்தானே! ஓட்டுப் போடுவியா மாட்டியா?"

ஒரு வீட்டை மட்டும் வேண்டுமென்றே தாண்டிப் போனாள். குழுவின் பொருளாளர் ஆர்வில் டென்ச்சின் வீடு. கூட்டத்தில் வாயே திறக்காத மனிதர். "கல்லுளிமங்கன்! எல்லாத்தையும் மறைக்கிறதே அந்த ஆளுதான்" என்று தெருத்தெருவாகச் சொல்லி வைத்திருந்தாள்.

ஏப்ரலில் இருநூற்றுப் பதினான்கு ஓட்டு வித்தியாசத்தில் ஜெயித்தாள். ஆனால் ஏழு பேர் குழுவில் அவள் ஒருத்தி. முதல் கூட்டத்திலேயே எழுந்தாள். "ஒவ்வொரு டாலர் செலவையும் வரி வரியா எழுதி, நாம ஓட்டெடுக்கிறதுக்கு ரெண்டு வாரம் முன்னாடியே ஜனங்க பார்வைக்கு வைக்கணும். இது என் தீர்மானம்."

வழிமொழிய ஒருவர் வேண்டும். இல்லாவிட்டால் ஓட்டெடுப்புக்கே போகாமல் தீர்மானம் செத்துப்போகும். ஆளாளுக்கு மேஜையைப் பார்த்தார்கள். லோர்னா ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். பனியில் அவ்வளவு தூரம் நடந்தது இதற்குத்தானா? ஹேன்ஸ் அடுத்த விஷயத்துக்குப் போக, மேஜையில் தட்டும் மரச் சுத்தியலைத் தூக்கினார்.

"நான் வழிமொழியறேன்."

டென்ச்!

"ஆர்வில், நீங்களா?" என்றார் ஹேன்ஸ்.

"வருஷா வருஷம் பதினெட்டுப் பக்கம் கணக்கு எழுதிக் குடுக்கிறேன் டாக்டர். நீங்கதான் ஒரு பக்கமாச் சுருக்கச் சொல்றீங்க. இனிமே முடியாது." பையிலிருந்து பதினெட்டுப் பக்கத்தையும் எடுத்து மேஜையில் பரப்பினார். இதர செலவெல்லாம் வெளியே வந்தது: தலைவர் அறைக்குத் தோல் நாற்காலிகள், ஃப்ளோரிடாவுக்கு மூன்று மாநாட்டுப் பயணங்கள். ஓட்டெடுத்ததும் லோர்னா, டென்ச் கைகளோடு இன்னும் இரண்டு பேருடைய கையும் தானாக உயர்ந்தது. நாலுக்கு மூன்று. தீர்மானம் நிறைவேறியது! வேடிக்கை பார்க்க வந்த கூட்டம் நூலகம் என்றும் பாராமல் விசிலடித்தது. அந்தச் செலவை நிறுத்தி மிச்சமான பணத்தில், ஜூனில் சனிக்கிழமையும் நூலகக் கதவு திறந்தது.

தீர்மானம் நிறைவேறிய அன்று, கூட்டம் முடிந்ததும் லோர்னா வாகன நிறுத்தத்துக்கு ஓடிப்போய் டென்ச்சைப் பிடித்தாள். முகமெல்லாம் சிவந்திருந்தது. "உங்களை ஊரெல்லாம் திட்டிட்டேன். மன்னிச்சிடுங்க. உங்க வீட்டுக்கு மட்டும் ஓட்டுக் கேட்டுக்கூட வரல."

"ஆமா, நீங்க வருவீங்கன்னு ராத்திரி ரொம்ப நேரம் வாசல் விளக்கைப் போட்டு வெச்சிருந்தேன்" என்றார் டென்ச். "நீங்க வரலைன்னா என்ன, நானும் என் வீட்டுக்காரியும் உங்களுக்குத்தான் போட்டோம்."