பாதி சார்ஜ்

என் வீட்டுக்காரர் கல்யாண வீடியோ எடுக்கிறவர். புனேயில் குடியேறிவிட்ட எங்கள் செஞ்சி ஊர்க் கடைக்காரர் ஒருவர், மகள் கல்யாணத்துக்கு இவர்தான் வரவேண்டும், ட்ரோனும் வேண்டும் என்று கூப்பிட்டுவிட்டார். இவருக்கு அதுதான் முதல் விமானப் பயணம்.

அதிலிருந்து வீட்டில் ட்ரோன் பேட்டரிப் பேச்சுதான். பெரிய பெட்டியில் போடக்கூடாதாம், கைப்பையில்தான் வைக்க வேண்டுமாம். பாதி சார்ஜில் இருந்தால் தீப்பிடிக்கிற ஆபத்து குறைவாம். ஒவ்வொன்றின் முனையிலும் டேப் ஒட்டித் தனித்தனி உறையில் போடுவார். பிரித்துப் பார்ப்பார். மறுபடி ஒட்டுவார். பார்க்கிற எனக்கே கை வலித்தது.

எங்கள் வீட்டில் வெளியூர் போகிறவரை வெறும் வயிற்றோடு அனுப்ப மாட்டோம். அந்தப் பழக்கதோஷத்தில், கிளம்புவதற்கு முந்தின நாள் அவர் பக்கத்தில் வல்லம் வரைக்கும் போயிருந்த நேரத்தில் டேப்பை உரித்து எல்லா பேட்டரியையும் முழுசாகச் சார்ஜ் போட்டுவைத்தேன்.

வந்தவர் தலையில் கை வைத்துக்கொண்டார். "இன்னா வேல பண்ணி வச்சிருக்க! ஒவ்வொரு பேட்டரிலயும் நாலு லைட்டும் எரியுது!"

"பசியோட அனுப்ப வேணாம்னு பாத்தேன்."

சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை.

ட்ரோனைப் பறக்கவிட்டால் சார்ஜ் சீக்கிரம் குறையும். செஞ்சிக் கோட்டைப் பக்கம் பறக்கவிடக்கூடாது என்பதால் சாயங்காலம் எங்கள் மல்லாட்டைக் கொல்லைக்கு, வேர்க்கடலை வயலுக்குப் போனோம். முதல் பேட்டரி பாதிக்கு வந்ததும் இறக்கினார். அடுத்ததைப் போடாமல் வரப்பில் உட்கார்ந்துவிட்டார்.

"கல்யாணத்துக்கு வேற ஆள அனுப்பிடட்டுமா?"

"ஏங்க?"

"பயமா இருக்குது. மேல போயி எதுனா ஆயிட்டா?"

எத்தனை கல்யாணத்தில் கேமராவை வானத்துக்கு அனுப்பியவர்! கிண்டல் செய்ய வாய் வரைக்கும் வந்தது. முகத்தைப் பார்த்ததும் மனசு இளகிவிட்டது. அத்தனை டேப்பும் பேட்டரிக்காக ஒட்டியதல்ல என்று அப்போதுதான் புரிந்தது.

"குடுங்க, இத நான் ஓட்டுறேன்" என்றேன். நான் ட்ரோனைத் தொட்டதே கிடையாது. அவர் எழுந்து வந்து அடுத்த பேட்டரியை மாட்டி, ரிமோட்டை என் கையில் கொடுத்தார். அது விருட்டென்று மேலே போனதும் கத்திவிட்டேன்.

"ஐயோ, போவுது பாருங்க!"

"இன்னாத்துக்கு பயம்? கீழ நான் நிக்கிறேன்ல?" என்று பின்னால் வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"உங்களுக்கு மட்டும் இன்னாவாம்? கீழ நான் நிக்க மாட்டனா?"

அவர் அதை மெல்ல இறக்கிவிட்டு அடுத்த பேட்டரியைக் கையில் எடுத்தார். பிறகு, காலையில் விமானம் பிடிக்க மெட்ராஸ் பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டார்.