லைசென்ஸ் இல்லாத பாய்லர்

பம்மலில் பாய்லர் என்றால் இரண்டு அர்த்தம். தோல் கம்பெனிக்காரர்களுக்கு அது நீராவி கக்கும் இரும்பு ராட்சசன். எனக்கோ வெந்நீர் போடும் செம்புப் பாத்திரம். நடுவில் இருக்கும் குழாய்க்குள் சுள்ளியைப் போட்டுப் பற்றவைத்தால் சுற்றியுள்ள தண்ணீர் காய்ந்துவிடும். மட்டையும் கொட்டாங்குச்சியும் என் தோட்டத்திலேயே கிடைக்கின்றன. மூட்டு தேய்ந்துபோன முழங்காலில் காலையில் அந்த வெந்நீரை ஊற்றாவிட்டால் என்னால் வாசற்படி இறங்க முடியாது. கீசர் வாங்கிக்கொள் என்கிறான் மகன். குப்பைக்குப் போகிற மட்டை இருக்கும்போது கரண்ட்டை எதற்குக் கரியாக்க வேண்டும்?

பக்கத்து அடுக்குமாடியின் செயலாளருக்கு என் புகை ஆகவில்லை. 'குடியிருப்புப் பகுதியில் அனுமதியில்லாத பாய்லர் ஓடுகிறது' என்று மாநகராட்சிக்கு எழுதிப் போட்டுவிட்டார். இந்த ஊரில் அப்படி எழுதினால் என்ன நினைப்பார்கள்? ஒரு நாள் காலை வாசலில் ஜீப் வந்து நின்றது. அதிகாரிகள் இருவர் இறங்கினார்கள்.

"பாய்லர் எங்கம்மா? ஆபரேட்டரைக் கூப்பிடுங்க."

"நான்தான் சார் ஆபரேட்டர். வாங்க" என்று கொல்லைப்பக்கம் கூட்டிப்போனேன்.

பாத்திரத்தைப் பார்த்ததும் இளையவர் வாயைப் பொத்திக்கொண்டு திரும்பிவிட்டார். மூத்தவர் சிரிக்கவில்லை. "கம்ப்ளெயின்ட்னு வந்துடுச்சும்மா. எடுத்துடுங்க, கீசர் போட்டுக்குங்க" என்றார்.

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. கடவுளுக்கும் வந்திருக்க வேண்டும், அந்த நேரம் பார்த்துத் தெருவில் கரண்ட் போனது. மதிலுக்கு அந்தப் பக்கம் ஜெனரேட்டர் உறுமியது. கரும்புகை குபுகுபுவென்று வந்து என் கொடித் துணிமேல் படிந்தது. ஊருக்குத்தான் உபதேசம்!

"என்னோடது புகை இல்லேன்னு சொல்லல சார். ஆனா அதையும் சேர்த்து எழுதுங்க. ரெண்டு பேரும் ஒரே நாள்ல அணைக்கிறோம்."

பால்கனியிலிருந்து செயலாளர் கத்தினார்: "மேடம், அது லிஃப்ட்டுக்கு! வயசானவங்க எப்படிப் படி இறங்குவாங்க?"

"என் லிஃப்ட் இதுதான் சார்" என்று முழங்காலைத் தட்டிக் காட்டினேன். "இது விறகுல ஓடுது."

மூத்தவர் மதிலைப் பார்த்தார், என் காலைப் பார்த்தார், எதுவும் எழுதாமல் பேனாவைச் சட்டைப்பையில் செருகினார். ஜீப் கிளம்புவதற்குள் நான் இன்னொரு மட்டையை முறித்து உள்ளே போட்டுவிட்டேன்.